வாகனத் திருத்தமும் வியாபாரச் செலவே

கடை வாடகை, சம்பளம், மின்சாரப் பட்டியல் ஆகியவற்றை நம்மில் எல்லோரும் மாதக் கணக்கில் எழுதுகிறோம். வேனுக்கோ லொறிக்கோ செய்யும் திருத்த வேலையை மட்டும் பலர் 'திடீர்ச் செலவு' என்கிறார்கள். என் கருத்தில் அதில் திடீர் என்று எதுவுமில்லை. வாகனம் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் டயரும் பிரேக்கும் தேய்ந்துகொண்டே வருகின்றன. பில் மட்டும்தான் பிந்தி வருகிறது.

நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இந்த ஐந்து வருடங்களில், கையிலிருந்த பழைய வாகனத்தைப் பேணியவரே பிழைத்தார். லீசிங் கட்டி முடிந்த பழைய வேன் மாதாமாதம் நமக்கு மிச்சம் தருகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வேனுக்கே உரியது.

எனக்குத் தெரிந்த புடைவை வியாபாரி ஒருவர் டைமிங் பெல்ட் மாற்றும் காலம் கடந்தும், "இன்னும் ஓடுதுதானே" என்று விட்டுவிட்டார். பெருநாள் சரக்குடன் கண்டிக்குப் போகையில் கடுகண்ணாவை ஏற்றத்தில் பெல்ட் அறுந்தது. அப்படி அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். இவருக்கும் அதுவே நடந்தது. பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு கராஜுக்குப் போனது. சரக்கோ பெருநாள் முடிந்த பிறகே கடைக்குச் சேர்ந்தது.

சீற் கவர், அலோய் வீல், சிறு கீறலுக்குப் பெயின்ட் ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கீழுள்ளவற்றில் கூடாது:

1. என்ஜின் ஒயிலும் ஒயில் ஃபில்டரும். உரிய கிலோமீற்றரில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

2. பிரேக். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இதில் பிடிக்கும் மிச்சம் சாரதியின் உயிரோடு விளையாடுவதாகும்.

3. டயர். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குமுன் இதைப் பாருங்கள்.

4. கூலன்ட். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தால் ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும்.

இதற்குப் பணம் எங்கே? கடந்த வருடத் திருத்த பில்களைக் கூட்டி, ஓடிய கிலோமீற்றரால் பிரியுங்கள். உதாரணமாக, 20,000 கிலோமீற்றருக்கு 240,000 ரூபா என்றால் கிலோமீற்றருக்கு 12 ரூபா. 100 கிலோமீற்றர் ஓடிய நாளில் 1,200 ரூபாவை எடுத்து வையுங்கள். நான் இதற்கென்று ஒரு கொப்பியும் தனி உறையும் வைத்திருக்கிறேன். லாச்சிக் காசுடன் அதைக் கலப்பதில்லை. சரக்குக்கு விலை போடும்போதும் இந்த 12 ரூபாவைச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர் வேனின் தேய்மானத்தையே இலாபமென்று எண்ணிச் செலவழிக்கிறார்.

அந்தக் கணக்கு 12இலிருந்து 18, 25 என்று வருடந்தோறும் ஏறினால், வாகனத்தை விற்கும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். கொப்பி வைத்திருப்பவருக்கு அது முன்கூட்டியே தெரியும்.