நுரை தரும் பாடம்

நம் சங்கத்து அன்பர்களுக்கு விடுதிக் காப்பியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நிறம் இருக்கும், சூடும் இருக்கும், நுரை மட்டும் இராது. ஆகவே நம்மவர் இருவர் மூவர் கூடிவிட்டால், ஊரிலிருந்து கொண்டுவந்த டம்ளரும் டவராவும் பெட்டியிலிருந்து வெளிவரும். ஒரு முழ உயரத்திலிருந்து நாலு ஆற்று ஆற்றினால், அதே காப்பி நுரை கட்டி நிற்கும். காப்பியில் நாம் புதிதாகச் சேர்த்தது காற்று ஒன்றுதான். அக்காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்டிரஜன்.

இச்சிறு செய்தியை மனத்திற்கொண்டு, அயர்லாந்து நாட்டின் கரிய பானமாகிய ஸ்டவுட் பீரின் நுரையைச் சற்று ஆராய்வோம். மாணவர் இதழில் மதுவைப் பற்றிக் கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் நாட்டில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது பொதுவாகக் குற்றம். அதைத் தூண்டுவது என் நோக்கமன்று. ஆனால் பிரிட்டனில் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுவோருக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று 1963-இல் முடிவாயிற்று. அமெரிக்காவிலும் 1978-இல் மத்திய அரசு சட்டமியற்றி அவர்களுக்கு வரிவிலக்கு அளித்தது. அந்நாடுகளில் பலருக்கு இது ஓய்வுநாள் கைத்தொழில். அவர்களை வாட்டும் ஒரு பிரச்சினையும், அதற்கு அவர்கள் கண்ட விடையுமே இக்கட்டுரையின் பொருள். அதில் பௌதிக மாணவனுக்கு நல்லதொரு பாடம் இருக்கிறது.

கரிய பானம், வெண்மையான நுரை

முளைகட்டி உலர்த்திய பார்லியே பீரின் மூலப்பொருள். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்டு இடுவர். ஈஸ்டு சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். ஸ்டவுட்டுக்கென, முளைகட்டாத பார்லியைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்துச் சேர்ப்பர். கரிய நிறமும் காப்பியை நினைவூட்டும் கசப்பும் அதனால் வருவன.

சாதாரண பீரின் நுரை கரியமில வாயுவால் ஆனது. அதன் குமிழிகள் பெரியவை. விரைவில் உடைந்து போகும். குழாயிலிருந்து வார்த்த ஸ்டவுட்டின் நுரையோ பாலேடு போல் மென்மையாய், குடித்து முடியும்வரை கலையாமல் நிற்கும். இந்த வேறுபாட்டின் காரணம் நைட்டிரஜன்.

டப்ளின் நகரில் 1759-இல் தொடங்கிய கின்னஸ் ஆலையை விஞ்ஞான மாணவர்கள் வேறொரு வழியில் அறிவர். புள்ளியியலில் நாம் பயிலும் ‘ஸ்டூடண்ட்’ சோதனையை 1908-இல் அப்புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் காசெட் அவ்வாலையின் ஊழியரே. அதே ஆலையில் பணியாற்றிய மைக்கேல் ஆஷ் என்னும் கணித அறிஞரின் முயற்சியால் 1959-இல் நைட்டிரஜனைப் பயன்படுத்தி வார்க்கும் முறை வந்தது. அதற்குமுன் அயர்லாந்தில் இரண்டு பீப்பாய்களிலிருந்து வார்ப்பது வழக்கம். ஒன்றில் வாயு மிகுந்த புதிய பீர். மற்றொன்றில் வாயு அடங்கிய பழைய பீர். முன்னது நுரையைத் தரும். பின்னது கோப்பையை நிரப்பும். இரண்டையும் அளவறிந்து சேர்ப்பது வார்ப்பவரின் கைத்திறன். ஆஷின் முறை அத்திறனைக் கருவியிடம் ஒப்படைத்தது.

வாயுக்கள் இரண்டின் குணம்

ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அவ்வாயுவின் அழுத்தத்திற்கு ஏற்றவாறு அமையும் என்பது ஹென்றியின் விதி. ஆனால் எல்லா வாயுவும் ஒரே அளவில் கரைவதில்லை. 20 டிகிரி சென்டிகிரேடில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் கரியமில வாயு ஏறத்தாழ 880 மில்லிலிட்டர் கரையும்; நைட்டிரஜனோ 16 மில்லிலிட்டர்தான். ஐம்பது மடங்கிற்கு மேற்பட்ட வேறுபாடு!

இதனால் நுரைக்கு என்ன? சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம். பெரிய குமிழிக்குள் குறைவு. ஆகவே சிறியதிலுள்ள வாயு, இடையிலுள்ள திரவச் சவ்வில் கரைந்து பெரியதற்குள் புகும். சிறியது மறையும், பெரியது மேலும் பெருக்கும். எளிதில் கரையும் கரியமில வாயு இவ்வாறு விரைவில் இடம்பெயர்ந்துவிடும். நைட்டிரஜன் கரைய மறுப்பதால் சிறு குமிழி சிறியதாகவே நெடுநேரம் நிற்கிறது. நாவுக்கு மென்மையாய்ப் படுவது இதுவே. அன்றியும், கரியமில வாயு நீரில் கரைந்து ஓர் அமிலமாகிச் சுரீரென்னும் சுவையைத் தரும். வறுத்த பார்லியின் கசப்புடன் அதுவும் மிகுந்தால் பானம் கடுமையாகும்.

விடுதிகளில் நைட்டிரஜன் மூன்று பங்கும் கரியமில வாயு ஒரு பங்குமாகக் கலந்து, சதுர அங்குலத்துக்கு 30 ராத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீப்பாய்க்குள் செலுத்துவது ஒரு வழக்கம். குழாயின் வாயில் நுண்துளைகள் கொண்ட ஒரு தட்டு இருக்கும். அத்துளைகளின் வழியே பீர் பீறிட்டு வரும்போது, கரைந்திருந்த நைட்டிரஜன் எண்ணற்ற சிறு குமிழிகளாக வெளிப்படும்.

கருவி செய்வது என்ன?

இதற்கு வாயு உருளை, அழுத்தம் தாங்கும் பீப்பாய், அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி, தனிக்குழாய் ஆகிய நான்கும் வேண்டும். வீட்டில் காய்ச்சுபவர் பலர் விலையைக் கேட்டதுமே, “இவையின்றி ஸ்டவுட் இல்லை” என்று கைவிட்டுவிடுவர். வேறு சிலரோ, “இவை செய்யும் வேலை என்ன?” என்று கேட்டனர். அவ்வேலைகள் மூன்றுதான். பானத்தில் கரியமில வாயுவைக் குறைவாக வைப்பது ஒன்று. வார்க்கும் நேரத்தில் நைட்டிரஜனைச் சிறு குமிழிகளாக்குவது இரண்டு. அக்குமிழிகளைத் தாங்க வலுவான சவ்வைப் பானத்திலேயே அமைப்பது மூன்று. இதில் கருவிக்குப் பங்கே இல்லை.

மூன்றாவதை முதலில் பார்ப்போம். நுரையின் சவ்வு தானியத்தின் புரதத்தால் ஆவது. ஆகவே தானியம் 4 கிலோவானால், முளைகட்டிய பார்லி 2.8 கிலோ, முளைகட்டாத பார்லி அவல் 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம் என்பது நல்ல விகிதம். இதிலிருந்து 20 லிட்டர் கிடைக்கும். பார்லி அவலே நுரைக்கு வலுவும் பானத்துக்குக் கனமும் ஊட்டுவது.

அடுத்து, கரியமில வாயு. புட்டியில் அடைக்கும்போது சிறிது சீனி சேர்ப்பர். ஈஸ்டு அதை வாயுவாக்கும். இதன் கணக்கு எளிது. ஒரு கிராம் சீனி அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயுவைத் தரும். 20 டிகிரியில் புளித்து முடிந்த பீரில், லிட்டருக்கு 0.85 லிட்டர் வாயு முன்பே கரைந்திருக்கும். சாதாரண பீருக்கு அதை 2.5 ஆக்க வேண்டுமானால் 20 லிட்டருக்கு ஏறத்தாழ 125 கிராம் சீனி வேண்டும். ஸ்டவுட்டுக்கு 1.6 போதும், ஆகவே 60 கிராம் போதும். பாதிக்கும் குறைவு! புளிப்பு முற்றிலும் நின்றபின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் எஞ்சிய சர்க்கரையும் வாயுவாகிப் புட்டி வெடிக்கும்.

எஞ்சியது நைட்டிரஜன். அதற்கு உருளை எதற்கு? நம்மைச் சுற்றிலும் இருப்பது அதுவன்றோ! ஊசியில்லாத சிறு பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, கோப்பையில் வார்த்த பீரில் 5 மில்லிலிட்டரும் அதே அளவு காற்றும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். முனையைப் பீரின் மேற்பரப்பில் வைத்து முழு பலத்துடன் அழுத்தினால், குறுகிய துளையின் வழியே காற்று நொறுங்கிப் பொடிக்குமிழிகளாகும். கோப்பை முழுதும் கலங்கி, பிறகு மெல்லத் தெளிந்து, மேலே ஏடு கட்டும். சிரிஞ்சின் வாய்தான் துளைத் தட்டு. அழுத்தும் கட்டைவிரல்தான் உருளை. உயரத்திலிருந்து ஆற்றும் நம் காப்பியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

“காற்றே போதுமானால் ஆலைகள் ஏன் தூய நைட்டிரஜனைத் தேடுகின்றன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காற்றில் பிராணவாயுவும் உண்டு. அது பீப்பாயில் நாட்கணக்கில் தங்கினால் பானத்தின் சுவை கெடும். கோப்பையிலோ சில நிமிடமே தங்கும். அதற்குள் கெடுதி செய்ய அதற்கு நேரமில்லை. ஆகவே இத்தந்திரம் கோப்பைக்கு மட்டுமே உரியது, புட்டிக்கு உதவாது. ஒவ்வொரு கோப்பைக்கும் புதிதாகச் செய்தாக வேண்டும். எளிய வழிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே விஞ்ஞானம்.

நமக்கு என்ன?

இதை நான் எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் ஆய்வுக்கு வேண்டிய கருவியொன்று வந்துசேரவில்லை. மூன்று மாதம் ஆய்வகத்தில் கைகட்டி நின்றேன். வருவோர் போவோரிடமெல்லாம் குறை சொன்னேன். ஒருநாள் என் பேராசிரியர், “அந்தக் கருவி வந்தால் உனக்காக என்ன செய்யும்?” என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை! அதன் பெயரை அறிந்திருந்தேன், விலையை அறிந்திருந்தேன், வேலையை அறியேன். அன்றிரவு உட்கார்ந்து அதன் வேலைகளைத் தாளில் எழுதினேன். நான்கில் மூன்றை ஆய்வகத்தில் இருந்த பொருள்களைக்கொண்டே செய்ய முடிந்தது. நான்காவதற்கு மட்டும் காத்திருந்தேன்.

கருவி வேண்டாம் என்பதன்று என் வாதம். நல்ல கருவி கேட்பது மாணவரின் உரிமை. அதைத் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல், அது செய்யும் வேலையை அறிந்துகொள்வது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை டவராவில் காப்பி ஆற்றும்போது இதை ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.