நீர்க்கட்டி இல்லாத கண்மாய்

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கிற ஒரு சின்ன கண்மாய் ஊர். ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆவணியில் புழுதியில் விதைப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் தையில் அறுப்பு. பெருகாவிட்டால் திருப்பூருக்கு பஸ் ஏறவேண்டியதுதான்.

கண்மாய் என்றாலே நாம் தூர்வாருவதைத்தான் பேசுகிறோம். தூர்வாரிய பிறகும் எங்கள் கண்மாய் ஏன் பயிரைக் கரையேற்றவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் இது பொருந்தலாம்.

பழைய ஏற்பாடு

சித்திரை, வைகாசியில் கண்மாய் காய்ந்ததும் வீட்டுக்கு வீடு மாட்டு வண்டி பூட்டி வண்டல் அள்ளுவோம். வயலுக்கு அதுதான் உரம். கண்மாய்க்கு அதுதான் தூர்வாரல். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் போய் வரத்துக்காலை வெட்டி, கரைக்கு மண் போடவேண்டும். இதுதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் 1858இல் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். சட்டத்துக்கு முன்பே ஊர் செய்துவந்த வேலை அது.

மடை திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. வயலுக்குச் சொந்தக்காரன் மடையில் கை வைக்கக்கூடாது. மழை ராத்திரியில் கரை கசிகிறதா என்று பார்த்து நடப்பவரும் அவரே. கூலி காசு இல்லை. களத்தில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கணக்கு.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு மார்கழியில், கதிர் பிடிக்கிற நேரம், கண்மாயில் ஒரு நனைப்புக்குத்தான் தண்ணீர் இருந்தது. கோயில் வாசலில் ஊர் கூடி முறை வைத்தது. அன்று ராத்திரி என் அப்பா வாய்க்காலை வெட்டி எங்கள் வயலுக்குத் திருப்பினார். விடியுமுன் நீர்க்கட்டி வந்து மண் போட்டு அடைத்துவிட்டார். ஊர் அப்பாவுக்கு அபராதம் போட்டது. அந்த வருசம் கடைமடையும் விளைந்தது.

பெருமையோடு குறையையும் சொல்லவேண்டும். நீர்க்கட்டி தலித் குடும்பம். ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. "நெலம் இல்லாதவன், யாரு பக்கமும் சாயமாட்டான்" என்பார்கள். தலைமுறையாக ஊருக்கே தண்ணீர் பாய்ச்சியவருக்கு ஏன் ஒரு குழிகூட இல்லை என்று நாங்கள் கேட்டதில்லை. வயதில் மூத்த அவரை அப்பா "டா" போட்டுத்தான் கூப்பிடுவார்.

எப்படிக் குலைந்தது?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. கண்மாய்கள் அரசுக்கு வந்தன. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தவை பொதுப்பணித்துறைக்கும், கீழே இருந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. 'சர்க்கார் கண்மாய், சர்க்கார் பார்க்கட்டும்' என்று ஊர் கையை விட்டது. யூரியா மூட்டை வந்ததும் வண்டல் வண்டி நின்றது. அடுத்து ஆழ்துளைக் கிணறு. எங்கள் ஊரில் முதலில் போர் போட்டது என் அப்பாதான். அதற்குப் பிறகு அவர் கண்மாய்க் கூட்டத்துக்குப் போகவே இல்லை. ஒவ்வொருவராக எல்லாரும் அப்படியே ஆனோம். கடைசியில் அறுவடை இயந்திரம். நெல் வயலிலிருந்தே வியாபாரி வண்டிக்கு ஏறியது. களம் போனது, களத்தில் அளந்த நீர்க்கட்டி பங்கும் போனது. அவர் மகன் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்.

சில வருசத்துக்கு முன் கண்மாயை இயந்திரம் வைத்துத் தூர்வாரினார்கள். கரை உயர்ந்தது. மழையும் நல்ல மழை. ஆனால் மடையைப் பார்க்க ஆள் இல்லை. மேல்மடைக்காரர்கள் நினைத்தபோது திறந்தார்கள்; அடைக்க ஒருவரும் வரவில்லை. மார்கழியில் கண்மாய் வற்றியது. கடைமடையில் எல்லாம் சாவி.

அப்புறம்தான் பழைய நீர்க்கட்டியைத் தேடிப் போனேன். "அய்யா" என்று கூப்பிட்டதும் கொஞ்சம் திகைத்தார். பிறகு சொன்னார்: "நெறஞ்ச கம்மாய்க்கு நீர்க்கட்டி எதுக்கு தம்பி? பத்தாத தண்ணியப் பகுந்து குடுக்கத்தான் ஆள் வேணும்."

இனி செய்யவேண்டியது

ஒன்று, கோடையில் வட்டாட்சியர் அனுமதி வாங்கி வண்டல் அள்ளுங்கள். மண்ணும் வளமாகும், கண்மாயும் ஆழமாகும். இரண்டு, விதைப்புக்கு முன்பே ஆயக்கட்டுக்காரர்கள் கூடி, தண்ணீர் குறைந்தால் யாருக்கு எந்த முறை என்று எழுதிவையுங்கள். போர் வைத்திருப்பவரும் வரவேண்டும். மூன்று, நீர்க்கட்டியை நியமியுங்கள். சாதி பார்த்து அல்ல. வேலை தெரிந்தவரை, மரியாதையோடு, ஏக்கர் கணக்கில் சம்பளம் பேசி.

எங்கள் ஊரில் இந்த ஆவணிக்குக் கூட்டம் போட்டிருக்கிறோம். முதல் வரிசையில் பெரியவருக்கு நாற்காலி. வேலை கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் மகன்.