தேடலும் தெளிதலும்

மாணவர்களே! செய்தி பெறுதல் இக்காலத்தில் எளிது. பெற்ற செய்தியை ஆராய்ந்து தெளிதல் அரிது. நூலகத்து நூல்களும் கைபேசியில் தோன்றும் பக்கங்களும் ஒரே பொருளைப் பலவாறு கூறும். அவற்றுள் எதனைக் கொள்வது? எதனைத் தள்ளுவது? இதனை விளக்கப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே, அன்னவாசல் செல்லும் வழியில் உள்ளது இவ்வூர். இங்குள்ள குன்றைக் குடைந்து அமைத்த சமணக் கோயிலுக்கு அறிவர் கோயில் என்பது பெயர். அதன் விதானத்தில் தாமரைப் பொய்கையும் தூண்களில் ஆடல் மகளிரும் வண்ணத்தால் தீட்டப்பெற்றுள்ளமை காணலாம். இவை எக்காலத்தன?

1920-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே இவற்றைப் பல்லவர் கால ஓவியங்கள் என எழுதினார். 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்மன் குடைவரைகள் பல அமைத்தவன். ‘சித்திரகாரப்புலி’ என்னும் சிறப்புப் பெயர் பூண்டவன். ஆதலின் அக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றிற்று. பின்வந்தோர் பலர் அதனை வழிமொழிந்தனர்.

ஆயின், கோயிலின் தென்புறப் பாறையில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி, முன்னே முகமண்டபமும் எடுப்பித்தான் என்று அஃது அறிவிக்கின்றது. ஓவியங்களைத் தூய்மை செய்து ஆராய்ந்தோர், பழைய பூச்சின்மேல் புதிய பூச்சு இருத்தலையும் கண்டனர். எனவே, இன்று காணும் ஓவியங்களுட் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தன என அறிஞர் பலர் கொள்கின்றனர்.

இவ்வரலாறு நமக்கு மூன்று நெறிகளைக் கற்பிக்கின்றது. ஒருவர் எழுதியதைப் பார்த்துப் பதின்மர் எழுதினும் சான்று ஒன்றே, பத்தாகிவிடாது. இது முதல் நெறி. ஒப்புமை கண்டு ஊகித்தலினும், அவ்விடத்திலேயே பொறித்த எழுத்து வலிய சான்றாகும். இஃது இரண்டாம் நெறி. சான்று கூறாததை அதன்மேல் ஏற்றிக் கூறலாகாது என்பது மூன்றாம் நெறி. கல்வெட்டுப் புதுக்கியவனைக் கூறுகின்றது; முதற்கண் குடைவித்தவன் இன்னான் என்று அதனைக்கொண்டு துணிதல் இயலாது.

ஆதலின், கட்டுரை வரையப் புகும்போது, ‘இதனைக் கூறியவர் யார்? எப்பொழுது கூறினார்? எதனைக் கண்டு கூறினார்?’ என்று வினவுங்கள். செய்தி கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள். தெளிந்ததைத் தெளிவென்றும், ஐயுற்றதை ஐயமென்றும் எழுதுங்கள். அதுவே கற்றார்க்கு அழகு.