பின்கோடு: ஆறு இலக்கங்களின் கணக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் உயர் அதிகாரி, சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. அதுவரை தபால் பிரிப்பவருக்கு ஊர்ப்பெயர்தான் முக்கியத் துணை. புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டிலேயே எத்தனையோ ஊர்கள். தமிழில் முகவரி எழுதிய கடிதத்தை நாக்பூரில் தபாலில் போட்டால், அங்கே பிரிப்பவருக்கு எழுத்தே புரியாது. எண் என்றால் யாரும் படித்துவிடலாம்.

முதல் இலக்கம் மண்டலத்தைச் சொல்லும். 1 முதல் 8 வரை நிலப்பகுதிகளுக்கு. 9 ராணுவத் தபாலுக்கு. படைப்பிரிவு முகாமிட்டிருக்கும் இடம் உறையில் தெரியக் கூடாது என்பதால் அதற்கு ஊர் சாராத தனி எண். தமிழ்நாடு, கேரளம், லட்சத்தீவு ஆகியவையும் புதுச்சேரியின் பெரும்பகுதியும் 6இல் அடங்கும். இரண்டாம் இலக்கம் அதற்குள் பகுதியைப் பிரிக்கும்: 67, 68, 69 என்று தொடங்கினால் கேரளப் பக்கம். மூன்றாவதும் சேர்ந்தால் தபால் பிரிப்பு மாவட்டம் தெரிந்துவிடும்: 600 சென்னை, 625 மதுரை, 641 கோவை.

கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை. மயிலாப்பூரின் 600004 எண்ணைப் பார்த்தால் முறை விளங்கும். நாக்பூரில் இருப்பவர் 004 எந்த இடம் என்று அறிய வேண்டியதில்லை. 600 என்று பார்த்துச் சென்னைப் பையில் போட்டால் அவர் வேலை முடிந்தது. சென்னையில் பிரிப்பவருக்கோ 600 தேவையில்லை, 004 போதும். ‘மெட்ராஸ்-4’ என்று மக்கள் முன்பே எழுதிவந்த எண்தான் இப்படி 600004 ஆயிற்று. தியாகராய நகரின் 17, 600017 ஆயிற்று. பழகிய எண்ணைக் கைவிடாதது நல்ல முடிவு.

பின்கோடு தபால் போகும் வழியைப் பின்பற்றுகிறது, அரசின் எல்லைக்கோட்டை அல்ல. இந்த முறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுவே. மாஹே புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் நிலப்பக்கமெல்லாம் கேரளம். ஆகவே அதன் எண் 673310, கோழிக்கோட்டின் 673 வரிசை. ஏனாமும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். அது ஆந்திரத்துக்குள் இருப்பதால் 533464, மண்டலமே வேறு. தென்காசி 2019இல் தனி மாவட்டமான பிறகும் திருநெல்வேலியின் 627 வரிசையிலேயே, 627811 என்று நீடிக்கிறது. மாவட்டம் பிரியும்போதெல்லாம் எண்ணும் மாறினால் மக்களுக்கு வீண் அலைச்சல்.

நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள் உண்டு. பின்கோடுகள் சுமார் 19,000தான். கிராமத்துக் கிளை அஞ்சலகத்துக்குத் தனி எண் கிடையாது. அதற்குத் தபால் பை அனுப்பும் அஞ்சலகத்தின் எண்ணே அதற்கும். இதனால் பல கிராமங்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பை அந்த அஞ்சலகம்வரை எண்ணால் வந்துவிடும். அங்கிருந்து எந்தக் கிளைக்கு என்று பிரிக்க ஊர்ப்பெயர் வேண்டும்; ஆகவே பின்கோடு எழுதினாலும் கிராமத்தின் பெயரையும் கிளை அஞ்சலகம் உள்ள ஊரின் பெயரையும் விட்டுவிடக் கூடாது.

அன்புடன்,
பெரியப்பா