கூடாரம் கடைசியில்தான்

சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்றே முக்கால் ஏக்கர். மா, கொய்யா, கொஞ்சம் மொச்சை. கரண்டுக் கம்பி ஓடைக்கு அக்கரையோடு நின்றுவிட்டது. நகரத்து ஆட்கள் சனி, ஞாயிறு வந்து தங்கட்டும் என்று நினைத்ததும் நான் முதலில் வாங்கியது பெரிய கேன்வாஸ் கூடாரம். உள்ளே கட்டில், கம்பளம், பித்தளை விளக்கு. படம் எடுத்தால் அப்படி இருக்கும். கழிப்பறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முதலில் வந்த குடும்பத்தில் வயதான அம்மா ஒருவர். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கழிப்பறைவரை முந்நூறு அடி நடந்தார். காலையில் காபி குடித்தபடி, “இடம் நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார். அந்தத் ‘தான்’ என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதமே உரக் கழிப்பறை கட்டினேன். முசிறிப் பக்கம் இந்த வகை பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு தொட்டி, ஒன்று நிறைந்தால் மூடிவைத்துவிட்டு மற்றதற்கு மாறவேண்டும். போய்வந்ததும் ஒரு குவளை அடுப்புச் சாம்பல். வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: அங்கே காகிதம், நாம் தண்ணீர். கழுவும் தண்ணீருக்குத் தனித் துளை வைத்துக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பாவிட்டால், தொட்டி ஈரமாகி நாறிவிடும். சிறுநீருக்கும் தனி வழி.

சோலாரில் பட்டது வேறு பாடம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி. கணக்குக்கு 1,200 வாட்-மணி. பேட்டரி நாள்பட உழைக்கவேண்டுமென்றால் பாதியைத்தான் எடுக்கலாம். ஐந்து வாட் பல்பு ஐந்து, ஐந்து மணி நேரம் எரிந்தாலும் 125தான். தாராளம் என்று இருந்தேன். ஒரு புதுமணப் பெண் ஹேர் டிரையரைச் செருகினார். இன்வெர்ட்டர் ஒரு கத்துக் கத்திவிட்டுப் படுத்தது. இப்போது கூடாரத்தில் பிளக் கிடையாது, போன் சார்ஜ் போட யுஎஸ்பி மட்டும்.

ஷவரும் வைத்துப் பார்த்தேன். பத்தடி உயரத் தொட்டிக்கு அழுத்தம் எங்கே வரும், சொட்டியது. வாளி, செம்பு, விறகு போட்ட தாமிர பாய்லர் என்று மாற்றினேன். வருகிறவர்கள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள்!

பாம்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அதனால் தரைப்படுக்கை கிடையாது. கட்டில்தான், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகவேண்டும். கூடாரத்துக்குள் தின்பண்டமும் கூடாது. தின்பண்டத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். 108 எண்ணைக் கட்டில் தலைமாட்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நள்ளிரவில் ஒருமுறை வண்டியை எடுத்துத் திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு ஓட்டியும் பார்த்துவிட்டேன்: 35 நிமிடம்.

ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் வரச்சொல்வதில்லை. கேன்வாஸை ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும், தரையில் வைத்தால் கரையான் ஏறும். மழைக்கு முன்பே வெயிலில் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவேன். போன தடவை மடிக்க ஒத்தாசைக்கு வந்த பக்கத்துத் தோட்டத்து மாமா அதன்மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

“கரண்டு வேணும்னு எட்டு வருசமா மனு எழுதிக்கிட்டுக் கெடக்கேன் மாப்ள. அது இல்லாததுக்கு ஒங்கிட்ட காசு குடுக்குறாய்ங்களாக்கும்?”