தரையிலிருந்து வானுக்கு: விமானப் பயண அலுவலர் பணியும் விமானிப் பயிற்சியும்

விடியற்காலையில் பெருங்காற்றும் மழையும் அடித்தால் அன்று பால்வெட்டு இல்லை. பட்டை நனைந்துள்ளதா, காயுமா என்று பார்த்து மண்டோர் முடிவு கூறுவார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இந்தக் காற்றுமழையைச் 'சுமத்ரா' என்றே வானிலை அறிஞர்கள் அழைப்பர். தோட்டத்தில் வாளியைக் கீழே வைக்கச் செய்யும் அதே சுமத்ரா, சிப்பாங்கிலும் சுபாங்கிலும் விமானங்களைக் காத்திருக்க வைக்கிறது. அங்கேயும் ஒருவர் வானிலையை ஆராய்ந்து, புறப்படலாமா, தாமதிக்க வேண்டுமா என்று முடிவு கூற வேண்டியிருக்கிறது. அவரைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

விமானத்தை ஓட்டுபவர் விமானி. கோபுரத்திலிருந்து வழிவிடுபவர் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர். நாம் கூறுபவர் இவ்விருவரும் அல்லர். விமான நிறுவனத்தின் பணியறையில் அமர்ந்து, ஒவ்வொரு பயணத்திற்கும் பாதை, உயரம், எரிபொருள், சுமை ஆகியவற்றைக் கணக்கிட்டு விமானியிடம் ஒப்படைப்பவர் இவர். ஆங்கிலத்தில் 'ஃபிளைட் டிஸ்பாட்சர்' என்பர். நாம் விமானப் பயண அலுவலர் என்போம். விமானம் பறந்து கொண்டிருக்கும்போதும் இவர் வேலை ஓய்வதில்லை. வழியில் இடிமேகம் திரண்டாலோ, இறங்க வேண்டிய ஓடுபாதை மூடப்பட்டாலோ, விமானிக்குச் செய்தி அனுப்பி மாற்றுவழி கூறுவதும் இவரே.

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் இப்பொறுப்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பயணம் பாதுகாப்பாக நடைபெறும் என்று விமானியும் பயண அலுவலரும் இருவருமே நம்பினால்தான் புறப்பாட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விமானம் கிளம்பாது. விமானியின் தோளில் நான்கு பட்டைகள் மின்னலாம். ஆயினும் தரையில் இருப்பவரின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்புண்டு.

எரிபொருள் கணக்கைச் சற்று விரிவாகக் காண்போம். போய்ச் சேர வேண்டிய ஊருக்கான எரிபொருள் முதலாவது. எதிர்பாராத காற்றுக்கும் சுற்றுவழிக்கும் எனப் பொதுவாக அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதல். அங்கே இறங்க இயலாவிடில் வேறொரு நிலையத்திற்குச் செல்லத் தேவையானது அடுத்தது. கோலாலம்பூருக்கு வரும் விமானமாயின் பினாங்கோ செனாயோ அந்த மாற்று நிலையமாக அமையலாம். இவற்றுக்கும் மேலாக, ஜெட் விமானம் 30 நிமிடம் வானில் வட்டமிடப் போதுமான இறுதிச் சேமிப்பு இருந்தே ஆக வேண்டும். அப்படியானால் தொட்டியை நிரப்பிவிட்டால் தொல்லையில்லையே என்று கேட்கத் தோன்றும். எரிபொருளுக்கும் எடை உண்டு. எடை மிகுந்தால் அதைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் செலவாகும். ஓடுபாதை நீளமும் போதாமற் போகலாம்.

இங்கே தோட்ட மக்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றை நினைவூட்டலாம். பாலின் லிட்டர் அளவு வேறு, அதில் உள்ள உலர்ந்த ரப்பரின் எடை வேறு. ஆகவேதான் மெட்ரோலாக் கருவியை இட்டுப் பார்த்துக் கணக்கு எழுதினர். விமான எரிபொருளும் அத்தகையதே. லாரியிலிருந்து அது லிட்டரில் ஊற்றப்படுகிறது. விமானியின் கணக்கோ கிலோவில் இருக்கிறது. ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 0.8 கிலோ. ஆகவே 6,000 கிலோ வேண்டுமாயின் 7,500 லிட்டர் ஊற்ற வேண்டும்.

இந்தச் சிறு பெருக்கல் தவறியதால் நேர்ந்ததை 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் உலகம் கண்டது. மொண்ட்ரியாலிலிருந்து எட்மண்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடா போயிங் 767 விமானத்தின் எரிபொருள் மானிகள் பழுதாகியிருந்தன. ஆகவே அளவுகோலிட்டு அளந்து கையால் கணக்கிட்டனர். அப்போதுதான் கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக் கொண்டிருந்தது. 0.8 என்ற எண்ணுக்குப் பதிலாக, லிட்டரைப் பவுண்டாக மாற்றும் 1.77 என்ற பழைய எண்ணைப் பயன்படுத்தி, விடையைக் கிலோ என்று எண்ணிக் கொண்டனர். 22,300 கிலோ இருக்க வேண்டிய விமானம் அதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் கிளம்பியது. நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றுவிட்டன. விமானி அதைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர். யார் அந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதே அங்குத் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது.

விமானியாக விரும்பும் இளைஞருக்கு இப்பணியறை நல்லதொரு பள்ளி என்பதில் ஐயமில்லை. வானிலை, வழி காணல், விமான எடையும் சமநிலையும், விமானச் சட்டம் ஆகியவை இரு தேர்வுகளுக்கும் பொதுவானவை. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிப்படி பயண அலுவலர் உரிமம் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும். சில நாடுகளில் உரிமம் இன்றி, நிறுவனமே பயிற்சியளித்துப் பணியில் அமர்த்துவதும் உண்டு. மாதச் சம்பளம் கையில் இருக்கும். படிப்பதை அன்றாடம் கண்ணால் காணவும் முடியும். பயண அலுவலர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விமானி அறையில் உடன் சென்று பார்த்துவர வேண்டும் என்றும் அந்த நிறுவனம் கூறுகிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பணியறையில் அமர்ந்து ஆயிரம் விமானங்களை அனுப்பினாலும், பறந்த மணிக்கணக்கில் ஒரு மணிகூடச் சேராது. தனியார் விமானி உரிமத்திற்கு 17 வயதும் 40 மணிப் பறப்பும் வேண்டும். அதைக் கொண்டு கூலி பெற்று ஓட்ட இயலாது. வணிக விமானி உரிமத்திற்கு 18 வயதும் 200 மணியும் தேவை. அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியில் 150 மணி போதும். பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்கான உரிமத்திற்கு 1,500 மணி வேண்டும். இம்மணிகளில் பெரும்பகுதி வானில்தான் சேர வேண்டும்.

வேலையும் பயிற்சியும் ஒருசேர நடத்துவோருக்குப் பெரும் பகை தூக்கமின்மை. பயண அலுவலர் வேலை முறை மாற்றி, இரவிலும் பகலிலும் வரும். அமெரிக்காவில் ஒரே தொடர்ச்சியாகப் பத்து மணி நேரத்திற்கு மேல் இவர்களைப் பணியில் வைக்க விதி இடம் தராது. பணியில் களைத்த கண்ணுக்கு எண்கள் இடம் மாறித் தோன்றும் என்பதே காரணம். இரவு முழுதும் பணியறையில் விழித்திருந்தவர் காலையில் பயிற்சி விமானத்தில் ஏறுவது வீரமன்று. ஓய்வு நாள்களை முன்னரே கேட்டுப் பெற்று, ஓர் இரவு நன்கு உறங்கிய பின்னரே பறக்க வேண்டும். இதனால் பயிற்சி இரண்டு மூன்று ஆண்டுகள் நீளலாம். நீளட்டும்.

இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டியது. வணிக விமானிப் பயிற்சிக்குச் சில இலட்சம் வெள்ளி செலவாகும். ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைத் தொடுமுன், பிள்ளையை முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கண்ணாடி அணிவது தடையன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமை பெருந்தடை. பலருக்கு அக்குறை இருப்பதே தெரியாது. பணத்தைக் கட்டிய பிறகு அது தெரியவந்தால் எவரைக் கேட்பது? எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம், கணிதம், இயற்பியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி உள்ளதா என்றும் பாருங்கள்.

2018ஆம் ஆண்டு முதல் இத்துறைக்கு மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் பொறுப்பேற்றுள்ளது. அதன் அலுவலகம் புத்ராஜெயாவில் இருக்கிறது. நீங்கள் நாடும் பயிற்சிப் பள்ளி அந்த ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா, எந்த உரிமத்திற்குப் பெற்றது என்று கேட்டறிந்து, மருத்துவச் சான்றையும் கையில் வைத்துக்கொண்ட பின்னரே முன்பணம் கட்டுங்கள்.