மஜ்ஜை மாற்றிய பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது

வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986இல் தொடங்கியது. தலசீமியா, ரத்தப் புற்றுநோய் என்று போய் அங்கே பிழைத்து வந்த பிள்ளைகள் பலர். அடுத்தவர் மஜ்ஜை ஏற்றிய பிள்ளை பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பும். குடும்பங்கள் தடுமாறுவது அப்போதுதான்.

பழைய தடுப்பூசி அட்டையை நம்பக் கூடாது. சிகிச்சையில் பழைய எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் போய்விடுவதால், ஊசிகளை மறுபடி போட வேண்டும். தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் மட்டும் இரண்டு வருடமாவது கழித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் நின்ற பிறகே.

அந்த இரண்டு வருடம்தான் கவலை. வகுப்பில் ஒரு பையன் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டில் அம்மை என்று வேப்பிலை செருகிவிட்டு, வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். தொற்று பட்டதும் போட எதிர்ப்புப் புரத ஊசி இருக்கிறது. நான்கு நாளுக்குள் போடுவது நல்லது. பத்து நாளைத் தாண்டக் கூடாது.

ஆகவே தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்ததோடு திரும்பிவிடக் கூடாது. வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, “யாருக்கு அம்மைன்னு காதுல விழுந்தாலும், பேர்கூட வேண்டாம், அன்னைக்கே ஒரு போன் போடுங்க டீச்சர்” என்று கேட்க வேண்டும். வேன் ஓட்டுநரிடமும் டியூஷனிலும் அதையே சொல்லி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அக்கி என்றாலும் எச்சரிக்கை தேவை, இரண்டுக்கும் கிருமி ஒன்றுதான்.

ஒதுக்கிவிடுவார்களோ என்று நோயையே மறைக்கும் பெற்றோர் உண்டு. மறைக்கவே கூடாது. “இவனால யாருக்கும் ஒட்டாது, மத்தவங்ககிட்டேருந்து இவனுக்குத்தான் ஒட்டும்” என்றால் எந்த ஆசிரியருக்கும் புரியும்.

முதலில் அரை நாள் போதும். மதியம் பிள்ளை துவண்டு உட்கார்ந்தால் அது சோம்பல் அல்ல. எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ‘பெட்ஸ்க்யூஎல்’ கேள்வித்தாளில் பிள்ளைக்குத் தனி, பெற்றோருக்குத் தனி. இரண்டிலும் பதில்கள் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில் காலை மருந்தைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுக்கப் போனால், அந்தப் பரிசோதனை வீண். மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுத்த பிறகு கொடுக்க வேண்டும்.

ஆண்டுதோறும் தைராய்டு, கண், பல் பரிசோதனை வேண்டும். உயரத்தை வீட்டிலேயே தேதி போட்டுக் குறித்து வருவது நல்லது. வளர்ச்சி நின்றதுபோலத் தெரிந்தால் பரம்பரைக் குள்ளம் என்று விட்டுவிடாமல், வயதுக்கு வரும் பருவம் கடப்பதற்குள் ஹார்மோன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.